காசு குடுத்தா டோன் வருமா? கிட்டார்காரங்களோட விலை பந்தாவைப் பத்தி

2023 மார்ச்ல கிட்டார் உலகத்துல ஒரு கூத்து நடந்துச்சு. ஜேஎச்எஸ்னு ஒரு அமெரிக்க பெடல் கம்பெனி இருக்கு, அதோட ஓனர் ஜாஷ் ஸ்காட் யூட்யூப்ல ஒரு வீடியோ போட்டாரு. டிஜிடெக் பேட் மங்கின்னு ஒரு பச்சை கலர் ஓவர்டிரைவ் பெடல், 2000கள்ல வந்தது, புதுசுலயே 50 டாலர் சுத்திதான் விலை, பின்னாடி கம்பெனியே அதை நிறுத்திடுச்சு, செகண்ட் ஹேண்ட்ல சீண்ட ஆளில்லாம கெடந்துச்சு. அதைக் கொண்டு வந்து பல ஆயிரம் டாலர் போற க்ளான் சென்டார்ங்கற ஓவர்டிரைவ் பெடலுக்குப் பக்கத்துல வெச்சு, குமிழை அப்படி இப்படி திருகி, ரெண்டையும் மாத்தி மாத்தி வாசிச்சுக் காட்டினாரு. கிட்டத்தட்ட ஒண்ணுபோலவே கேட்டுச்சு. இதைப் பாத்தவங்க என்ன முடிவுக்கு வரணும், சரி சின்ன பட்ஜெட்லயே வேலை முடிஞ்சிடும், இனிமே காசைக் கொட்ட வேணாம்னுதானே? ஆனா சில நாள்லயே பேட் மங்கி விலை கிடுகிடுன்னு ஏறிடுச்சு. சும்மா கெடந்த பெடலை நூத்துக்கணக்கான டாலருக்கு விக்கப் போட்டாங்க, அதையும் வாங்கறதுக்கு ஆள் இருந்துச்சு.

கிட்டார் வாசிக்கத் தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி சொல்லிடறேன். டோன்னா கிட்டார் சத்தத்தோட குணம். ஓவர்டிரைவ் பெடல்ங்கறது கால்ல மிதிக்கற ஒரு சின்ன டப்பா, கிட்டார்லேந்து ஆம்ப்புக்கு (சத்தத்தைப் பெருசாக்கற பெட்டி) போற சிக்னலை கொஞ்சம் முறுக்கி கரகரன்னு ஆக்கும். உள்ள ஒரு சிப், சில டயோடு, ஒரு கைப்பிடி ரெசிஸ்டர் கெப்பாசிட்டர், அவ்ளோதான். ரிச்சி ஸ்ட்ரீட்ல பார்ட்ஸ் வாங்கினா ஒரு வேளை பிரியாணிக் காசுல முடிஞ்சிடும். இந்த டப்பாவுக்குள்ள இருக்கற சிப் ஜேஆர்சி 4558 தானா இல்ல வேற எதாவதான்னு வருஷக்கணக்கா சண்டை போடற கூட்டம் ஒண்ணு இருக்கு. ஐபனேஸ் கம்பெனியோட ட்யூப் ஸ்க்ரீமர்ங்கற ஓவர்டிரைவ் பெடல்ல பழைய 808 மாடலுக்கும் அதுக்கு அடுத்து வந்த டிஎஸ்9க்கும் சர்க்யூட்ல இருக்கற முக்கிய வித்தியாசம் அவுட்புட் பக்கத்துல ரெண்டு ரெசிஸ்டர். சில காசு பெறாத அந்த ரெண்டு ரெசிஸ்டருக்கு நடுவுல பழைய மார்க்கெட்ல இருக்கற விலை வித்தியாசத்துல ஒருத்தர் நல்ல வாத்தியார்கிட்ட பல மாசம் கிளாஸ் போயிடலாம்.

க்ளான் சென்டார் கதையைச் சொல்லாம இதைத் தாண்ட முடியாது. மாசசூசெட்ஸ்ல பில் ஃபின்னகன்னு ஒருத்தர் 1994ல இதை விக்க ஆரம்பிச்சாரு, ஒவ்வொண்ணா கையாலயே செஞ்சு, வாங்கறவங்ககிட்ட போன்ல பேசி. 2000கள் கடைசில நிறுத்தற வரைக்கும் மொத்தமே சுமார் 8,000 பெடல்தான் செஞ்சிருக்காரு. புதுசுல விலை 300 டாலரைச் சுத்திதான் இருந்துச்சு. சர்க்யூட்டை யாரும் பாத்து காப்பி அடிக்கக் கூடாதுன்னு மேல கறுப்பா எபாக்ஸி ஊத்தி மூடி வெச்சாரு. அது போதும், உள்ள என்னமோ மந்திரம் இருக்குன்னு ஆயிடுச்சு. எபாக்ஸியைச் சுரண்டி எடுத்துப் பாத்தவங்க சர்க்யூட்டை வரைஞ்சு வெளிய விட்டதும் தெரிஞ்சது, அது புத்திசாலித்தனமான நல்ல டிசைன், ஆனா மனுஷன் செஞ்ச டிசைன்தான். அதுக்குள்ள இருக்கற ஜெர்மானியம் டயோடுதான் ரகசியம்னு அடுத்து கிளம்புனாங்க. ஃபின்னகனே கடுப்பாகி, பிறகு கொண்டுவந்த கேடிஆர்ங்கற சின்ன பெடல் மேலயே, பல பேரை எரிச்சல் படுத்தற இந்தக் கேலிக்கூத்தான ஹைப்புக்கு நான் பொறுப்பில்லைங்கற அர்த்தத்துல ஒரு வரியை அச்சடிச்சுட்டாரு. பொருளைச் செஞ்சவனே பொருள் மேலயே எழுதி ஒட்டியும் ஆட்கள் கேக்கல. 2024ல பெரிங்கர் கம்பெனி அதே சாயல்ல சல்லிசு விலைக்கு ஒண்ணு இறக்க, ஃபின்னகன் கேஸ் போட, அவங்க பேரை மாத்த வேண்டியதாச்சு. அவர் கோவம் நியாயமானதுதான், அது வேற விஷயம்.

எனக்கு இதுல ரொம்ப சுவாரசியமா படற இடம் எதுன்னா, இன்னைக்கு கண்ணுல ஒத்திக்கற சமாச்சாரம் பாதிக்கு மேல, அன்னைக்கு காசு மிச்சம் புடிக்கறதுக்காகவும் கைக்குக் கெடைச்சதை வெச்சும் செஞ்சதுதான். ஃபெண்டர் கிட்டார் கம்பெனியை ஆரம்பிச்ச லியோ ஃபெண்டரையே எடுத்துக்கங்க. கலிபோர்னியாவுல ஃபுல்லர்டன்கிற ஊர்ல ரேடியோ ரிப்பேர் கடை வெச்சிருந்தவரு, கிட்டார் வாசிக்கவே தெரியாது. கிட்டார் கழுத்தை உடம்போட பசை போட்டு ஒட்டற பரம்பரை முறையை விட்டுட்டு நாலு ஸ்க்ரூ போட்டு முறுக்கினாரு, ஏன்னா சீக்கிரம் செய்யலாம், வீணாப் போனா கழட்டி வேற மாட்டலாம். ஆஷ், ஆல்டர்னு பெருசா பேர் இல்லாத மரம், ஏன்னா விலை கம்மி, தாராளமா கெடைக்குது. பெயின்ட்டு காருக்கு அடிக்கற பெயின்ட்டு. இன்னைக்கு பக்தியோட உச்சரிக்கற ஃபியெஸ்டா ரெட், லேக் ப்ளாசிட் ப்ளூ எல்லாம் அந்தக் காலத்து அமெரிக்க கார்களோட கலர். விரல் வெச்சு அழுத்தற வெள்ளை மேப்பிள் ஃபிங்கர்போர்டு அழுக்கேறி அசிங்கமா தெரியுதுன்னுதான் 1959 வாக்குல ரோஸ்வுட்டுக்கு மாறினாங்க, இப்போ அந்த ரோஸ்வுட்டால சத்தம் "வார்ம்"ஆ இருக்கா இல்லையான்னு பட்டிமன்றம் நடக்குது. 1965 ஜனவரில ஃபெண்டர் கம்பெனியை சிபிஎஸ்ங்கற அமெரிக்க டிவி, ரேடியோ கம்பெனிக்கு 13 மில்லியன் டாலருக்கு வித்தாங்க. அதுக்கு முன்னாடி செஞ்சதுன்னா தனி மரியாதை, தனி விலை. சிபிஎஸ் காலத்துல தரம் இறங்கினது நெஜம்தான், ஆனா அது வருஷக்கணக்குல கொஞ்சம் கொஞ்சமா நடந்தது, கையெழுத்துப் போட்ட அன்னைக்கு ராத்திரியே மரத்துலேந்து ஜீவன் போயிடலை.

இன்னொரு பெரிய அமெரிக்க கிட்டார் கம்பெனியான கிப்ஸன் பக்கம் இன்னும் வேடிக்கை. 1958லேந்து 60 வரைக்கும் செஞ்ச சன்பர்ஸ்ட் கலர் லெஸ் பால் கிட்டார், அதுலயும் 59 மாடல்னா இன்னைக்கு ரெண்டு மூணு லட்சம் டாலர் சாதாரணமா போகுது, நம்ம காசுல கோடிக்கணக்கு. அப்போ கடை விலை 300 டாலருக்குள்ளதான். வாங்க ஆள் இல்லாம கம்பெனியே அந்த மாடலை நிறுத்திட்டு 1961ல வேற ஷேப்புக்கு போயிடுச்சு. பின்னாடி எரிக் கிளாப்டன் மாதிரி ஆட்கள் அதை எடுத்து மார்ஷல் ஆம்ப்ல சொருகி அலற விட்டதுக்கப்புறம்தான் எல்லாருக்கும் ஞானோதயம், 1968ல கிப்ஸன் மறுபடி செய்ய ஆரம்பிச்சுது. அந்தக் கிட்டார்ல இருக்கற பிக்கப்புக்கு (கம்பியோட அதிர்வைக் கரன்ட்டா மாத்தற பாகம்) பிஏஎஃப்னு பேர், சேத் லவர்ங்கற இன்ஜினியர் டிசைன் பண்ணினது, பேடன்ட்டுக்கு அப்ளை பண்ணியிருக்கோம்னு ஒரு ஸ்டிக்கர் அடில ஒட்டியிருக்கும், அந்த ஸ்டிக்கரோட சுருக்கம்தான் பேரே. கம்பியைச் சுத்தற மெஷின்ல எத்தனை சுத்துன்னு துல்லியமா கணக்கு வெச்சு நிறுத்தற ஏற்பாடு அப்போ சரியா இல்லை, ஆள் பாத்து போதும்னு நிறுத்தினா உண்டு, காந்தமும் அன்னைக்கு ஸ்டாக்ல எந்த கிரேடு இருந்துச்சோ அது. அதனால ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காது. இப்ப அந்த ஒழுங்கின்மைதான் மகத்துவம். இதைவிட ஒரு படி மேல போய், உள்ள கம்பி சுத்தியிருக்கற பிளாஸ்டிக் பாபின் கறுப்பு கலர்ல கெடைக்காத நேரத்துல கிரீம் கலர்ல போட்டாங்க, மேல மெட்டல் மூடி இருக்கறதால வெளிய தெரியவும் தெரியாது. ரெண்டு பாபினும் கிரீமா இருக்கற பிக்கப்புக்கு கறுப்பை விட ஏகப்பட்ட விலை. பிளாஸ்டிக்கோட கலருக்கு! அதே கிட்டார்ல டோன் குமிழ்ல இருக்கற பம்பிள்பீ கெப்பாசிட்டரைத் தனியா கழட்டி நூறு டாலருக்கு மேல விக்கறாங்க. அந்த இடத்துல கெப்பாசிட்டரோட வேலை ட்ரெபிளை, அதாவது கீச்சுன்னு கேக்கற மேல் சத்தத்தை, கொஞ்சம் தரையிறக்கி விடறது மட்டும்தான், அதோட வேல்யூ எவ்வளவுங்கறது முக்கியம், யார் செஞ்சாங்கங்கறதை எலக்ட்ரான் விசாரிக்காது.

மார்ஷல் ஆம்ப்புன்னு சொன்னேன்ல, அதுவும் ஒரு காப்பிதான். லண்டன்ல ஹான்வெல்ல ஜிம் மார்ஷல் மியூசிக் கடை வெச்சிருந்தாரு, அமெரிக்காலேந்து ஃபெண்டர் ஆம்ப் இறக்குமதி பண்ணினா விலை கட்டுப்படியாகல, அதனால 1962ல கென் பிரான், டட்லி கிரேவன்னு ரெண்டு பேரை வெச்சு ஃபெண்டர் பாஸ்மேன் சர்க்யூட்டைப் பாத்து இங்கிலாந்துல கெடைக்கற பார்ட்ஸை வெச்சு செஞ்சாங்க. அந்த லோக்கல் பார்ட்ஸாலதான் சத்தம் வேற மாதிரி ஆச்சு, ராக் மியூசிக்கே அதை வெச்சு வளர்ந்துச்சு. இன்னைக்கு யாராச்சும் கோயம்புத்தூர்லயோ லூதியானாவுலயோ அதே வேலையைப் பண்ணினா "க்ளோன்"னு மூஞ்சியைச் சுளிக்கறவங்க, அவங்க கும்பிடறதே அப்படி வந்த சரக்குதான்னு யோசிக்கறதில்லை.

சரி, வரலாறு எப்படியோ போகட்டும், காதுக்கு வித்தியாசம் தெரியுதா இல்லையா? இதை நாஷ்வில் கிட்டாரிஸ்ட் ஜிம் லில் சில வருஷம் முன்னாடி ரொம்ப எளிமையா சோதிச்சுக் காட்டினாரு. தன்கிட்ட இருந்த விலை உசந்த கிட்டாரையும் ஒரு மலிவு கிட்டாரையும் எடுத்து, ஒவ்வொரு பார்ட்டா மாத்திக்கிட்டே வந்தாரு, கடைசில உடம்பே இல்லாம, கம்பியை மட்டும் அந்தரத்துல இழுத்துக் கட்டி, அதுக்கடில பிக்கப்பை சரியான உசரத்துல சரியான இடத்துல வெச்சு வாசிச்சாரு. மரமே கெடையாது, காத்துதான். அந்த சத்தமும் பழைய கிட்டாரோட ஒத்துப் போச்சு. எலக்ட்ரிக் கிட்டார் பிக்கப்புன்னா ஒரு காந்தம், அதைச் சுத்தி காயில், மேல இரும்புக் கம்பி அதிர்ந்தா காயில்ல கரன்ட் வரும். மரம் கம்பியோட அதிர்வை லேசா பாதிக்கலாம், இல்லைன்னு சொல்லல, ஆனா பிக்கப்பை கம்பிக்கு ரெண்டு மில்லிமீட்டர் கிட்ட தள்ளி வெச்சா வர்ற மாற்றத்துக்கு முன்னாடி அதெல்லாம் எடுபடாது.

அகூஸ்டிக் கிட்டார்ல மரம்தானே எல்லாம்னு கேப்பாங்க. நியாயமான கேள்வி. 2018ல இங்கிலாந்துல லங்காஸ்டர் யூனிவர்சிட்டி ஆட்கள் ஒரு ஆராய்ச்சி வெளியிட்டாங்க. ஒரே டிசைன்ல ஆறு கிட்டார், பின்பக்கமும் பக்கவாட்டும் மட்டும் வேற வேற மரம், விலை வானத்துல இருக்கற பிரேசில் ரோஸ்வுட்லேந்து மலிவான சபேலி வரைக்கும். 52 கிட்டாரிஸ்டுங்களைக் கூப்பிட்டு, மங்கலான ரூம்ல வெல்டிங் கண்ணாடி மாட்டிவிட்டு வாசிக்கச் சொன்னாங்க. சத்தம் எப்படின்னு மார்க் போடச் சொன்னா எல்லா மரத்துக்கும் ஏறக்குறைய ஒரே மார்க். முன்பக்கப் பலகை வேற விஷயம், அதுதான் அதிர்ந்து சத்தம் குடுக்கறது, அது சாலிட் மரமா ஒட்டுப்பலகையாங்கறது காதுக்கு தெரியும். வயலின்காரங்ககிட்டயும் இதையே பண்ணியிருக்காங்க. கிளாடியா ஃபிரிட்ஸ்னு பிரான்ஸ்ல ஒரு விஞ்ஞானி, 2010ல இண்டியானாபொலிஸ்ல 21 வயலினிஸ்டுங்களுக்கு கண்ணை மறைச்சு மூணு புது வயலினும் மூணு பழைய இத்தாலி வயலினும் குடுத்தாங்க, அந்தப் பழசுல ரெண்டு, ஸ்ட்ராடிவேரிங்கற பேர்போன வயலின் மேதை செஞ்சது. அதிகம் பேருக்குப் புடிச்சது ஒரு புதுசு, கடைசியா வந்தது ஒரு ஸ்ட்ராடிவேரி. அப்புறம் 2012ல பாரிஸ் பக்கத்துல பத்து சோலோயிஸ்டுங்களை வெச்சு மறுபடி பண்ணினாங்க, அதுல ஆறு பேர் புதுசைத்தான் எடுத்தாங்க.

இதைப் படிச்சுட்டு அப்போ எல்லாம் ஒண்ணுதான், மூவாயிரம் ரூபா கிட்டாரே போதும்னு கிளம்பிடாதீங்க. அதுவும் பொய். ரொம்ப மலிவான கிட்டார்ல கம்பி ஃப்ரெட்டுலேந்து அரை இன்ச் தூக்கி நிக்கும், எஃப் கார்டு புடிக்கறதுக்குள்ள விரல் நசுங்கிடும், ட்யூனிங் ஒரு பாட்டு முடியறதுக்குள்ள எறங்கிடும், பன்னிரெண்டாவது ஃப்ரெட்ல சுருதியே சேராது. அதுல கத்துக்க ஆரம்பிச்ச பிள்ளைங்க பல பேர் தனக்குத்தான் சங்கீதம் வரலைன்னு நெனச்சு விட்டுடுவாங்க. அந்தப் படியைத் தாண்டணும். ஆனா அந்தப் படி இப்போ ரொம்ப கீழ இருக்கு, சுமாரா 15,000லேந்து 25,000 ரூபாய்க்குள்ள ஒரு உருப்படியான கிட்டார் வாங்கி, தெரிஞ்ச லூத்தியர் (கிட்டார் செய்யற, ரிப்பேர் பண்ற ஆள்) ஒருத்தர்கிட்ட குடுத்து நட், ட்ரஸ் ராட், ஃப்ரெட் எல்லாம் சரி பண்ணி செட்டப் போட்டுட்டா, மேடைல வாசிக்கலாம். காரணம் கம்ப்யூட்டர் வெட்டற சிஎன்சி மெஷின். இந்தோனேசியாவுல கோர்ட் கம்பெனியோட ஃபேக்டரியே ஃபெண்டரோட மலிவு பிராண்டான ஸ்கொயரும் செய்யுது, பிஆர்எஸ் கம்பெனியோட மலிவு வரிசையான எஸ்இயும் செய்யுது, தன் பேர்லயும் செஞ்சு விக்குது. ஒரே காம்பவுண்டுக்குள்ள பொறந்ததுங்க, தலைல இருக்கற லோகோவை வெச்சு மேல கீழன்னு பிரிக்கறாங்க. எலக்ட்ரிக்ல சத்தத்தை நெஜமாவே பெருசா மாத்தறது ஸ்பீக்கரும், ரெக்கார்டிங்னா மைக்கை எங்க வைக்கறோம்ங்கறதும்தான். அதைப் பத்தி பந்தா பேசறவங்க கம்மி, ஸ்பீக்கர் ஆம்ப்புக்குள்ள ஒளிஞ்சிருக்கறதால இருக்கலாம்.

இப்போ முக்கியமான கேள்வி. இந்த விலை பந்தா ஏன் தொழில்முறை ஆளுங்களை விட அமெச்சூர்கிட்ட அதிகமா இருக்கு? என் கருத்து என்னன்னா, தொழிலா வாசிக்கறவனுக்கு வெளிய ஒரு அளவுகோல் இருக்கு. அடுத்த ரெக்கார்டிங்குக்கு கூப்பிட்டாங்களா இல்லையா, கச்சேரில கூட்டம் எந்திரிச்சுப் போச்சா உக்காந்துச்சா, டைரக்டர் ஓகே சொன்னாரா. அவனுக்கு கிட்டார் ஒரு கருவி, உடைஞ்சா இன்னொண்ணு. கர்நாடக சங்கீதம் கத்துக்கற அமெச்சூருக்குக் கூட குரு இருக்காரு, தப்பா வாசிச்சா தொடையைத் தட்டி நிறுத்துவாரு, சபாவுல முன்வரிசைல உக்காந்து தாளம் போடற மாமா இருக்காரு. வீட்டு ரூம்ல தனியா உக்காந்து எலக்ட்ரிக் கிட்டார் வாசிக்கற நாப்பது வயசு சாஃப்ட்வேர்காரனுக்கு இது எதுவும் இல்லை. தான் போன வருஷத்தை விட நல்லா வாசிக்கறேனான்னு அவனுக்கே தெரியாது, முன்னேற்றம் அவ்ளோ மெதுவா வரும். ஆனா போன வருஷம் இருந்த கிட்டாரை விட இந்த வருஷம் இருக்கற கிட்டார் காஸ்ட்லின்னு பில்லே சொல்லுது. வாசிப்பை நாலு பேருக்கு நடுவுல நிரூபிக்கறது பயம், தப்பு விழும். பெடல்போர்டை போட்டோ எடுத்துக் காட்டினா தப்பே விழாது. அப்படியே அது கொஞ்சம் கொஞ்சமா ஒரு வரிசையா மாறிடுது, யார் எந்தப் படில நிக்கறாங்கன்னு, கீழ்ப் படில நிக்கற பதினஞ்சு வயசுப் பையன்கிட்ட "என்ன பிக்கப் போட்டிருக்கே தம்பி"ன்னு கேக்கற தோரணையும் அங்கேந்துதான் வருது.

அமெரிக்காவுல இதுக்கு கிண்டலான பேரெல்லாம் இருக்கு. அழகா புலிவரி போட்ட மேப்பிள் மேல்பலகையோட வர்ற பிஆர்எஸ் கிட்டாரை பல் டாக்டர் கிட்டார்ம்பாங்க, வார இறுதில மட்டும் ப்ளூஸ் வாசிக்கற வசதியான ஆசாமிகளை ப்ளூஸ் வக்கீல்ம்பாங்க. வாங்கிக்கிட்டே இருக்கற வியாதிக்கு கேஸ் (GAS, கிட்டார் அக்விசிஷன் சிண்ட்ரோம்)னு ஒரு சுருக்கப் பேரு, ஸ்டீலி டேன் பேண்டோட வால்டர் பெக்கர் தொண்ணூறுகள்ல ஒரு கிட்டார் பத்திரிகைல எழுதினதுலேந்து பரவினது, அவரே பெரிய கலெக்டர்தான். பல் டாக்டர் கிண்டல்ல எனக்கு முழு சம்மதம் இல்லை, சம்பாதிச்ச காசுல ஆசைப்பட்டதை வாங்கினா யாருக்கு என்ன, பதினேழு வயசுல கடை கண்ணாடி வழியா பாத்து ஏங்கினதை நாப்பத்தஞ்சுல வாங்கற சந்தோஷம் சின்னதில்லை. அதை வாங்காதவனை ஏளனமா பாக்கறதுதான் பிரச்சனை.

இத்தனைக்கும் அவங்க கும்பிடற சாமிங்களே கண்டதையும் வெச்சு வாசிச்சவங்க. லெட் ஸெப்பலின்ங்கற ராக் பேண்டோட முதல் ஆல்பம், 1969, லெஸ் பால் கடவுள்னு சொல்ற அந்த பேண்டோட கிட்டாரிஸ்ட் ஜிம்மி பேஜ் அதுல பெரும்பாலும் வாசிச்சது இன்னொரு கிட்டாரிஸ்ட் ஜெஃப் பெக் குடுத்த ஃபெண்டர் டெலிகாஸ்டர், கூட சூப்ரோன்னு ஒரு மலிவு ஆம்ப். அவர் மேடைல எடுத்துட்டு வந்த டானெலெக்ட்ரோ கிட்டார் கிட்ட போய் பாத்தா ஹார்ட்போர்டு ஷீட்டு, நம்ம ஊர்ல பரீட்சை அட்டை செய்யுற அதே ஜாதி, பிக்கப்போட கூடு லிப்ஸ்டிக் டப்பா. சியர்ஸ்ங்கற அமெரிக்க டிபார்ட்மென்ட் ஸ்டோர்ல குழந்தைங்க கத்துக்கறதுக்குன்னு இதே டானெலெக்ட்ரோவை சில்வர்டோன்ங்கற பேர்ல வித்தாங்க, பெட்டியைத் திறந்தா பெட்டிக்குள்ளயே ஆம்ப் இருக்கும். குயீன் பேண்ட் பிரையன் மே கிட்டார் வாங்க வசதியில்லாம 1963ல அப்பாவோட சேந்து செய்ய ஆரம்பிச்சாரு, பழைய வீட்டு அடுப்பு மாடத்துப் பலகைலேந்து கழுத்து, மோட்டார் பைக் வால்வு ஸ்பிரிங்குலேந்து ட்ரெமோலோ (சுருதியை ஆட்டி விடற கைப்பிடி அமைப்பு). இப்பவும் அதையேதான் வாசிக்கறாரு. ராக் கிட்டாரிஸ்ட் ஜாக் வைட் எடுத்தது மான்ட்கோமரி வார்டு டிபார்ட்மென்ட் ஸ்டோர்ல வித்த ஃபைபர்கிளாஸ் ஏர்லைன் கிட்டார். இந்தக் கதைகளோட அடுத்த பாகமும் ஒரே மாதிரிதான் இருக்கும், அவங்க வாசிச்ச அப்புறம் அந்தக் குப்பை கிட்டார் கலெக்டர் ஐட்டம் ஆகி விலை ஏறிடும்.

ஜப்பான் கதையும் அதேதான். எழுபதுகள்ல ஜப்பான் காப்பின்னா கேலி. 1977ல கிப்ஸனோட தாய்க் கம்பெனி, ஐபனேஸ் ஆட்கள் மேல தலை ஷேப்பைக் காப்பி அடிச்சதுக்கு கேஸ் போட்டுச்சு. டோக்காய், கிரெக்கோ மாதிரி ஜப்பான் கம்பெனிங்க எல்லாம் அவ்ளோ நல்லா செஞ்சதால, ஃபெண்டரே 1982ல ஜப்பான்ல தன் கடையைப் போட்டு, ஃபுஜிஜென் ஃபேக்டரில ஸ்கொயர்ங்கற பேர்ல மலிவு கிட்டார் செய்ய வெச்சுது. அந்த ஆரம்ப ஜேவி சீரியல் நம்பர் ஸ்கொயரை இன்னைக்கு வாங்கணும்னா கையைக் கடிக்கும். அன்னைக்கு அதை வெச்சிருந்தவனைப் பாத்து சிரிச்ச அதே வயசு ஆட்கள்தான் இப்போ தேடி அலையறாங்க. இதுல கம்பெனிங்களும் சும்மா இருப்பாங்களா, ஃபெண்டர் கஸ்டம் ஷாப் 1995லேந்து புதுக் கிட்டாரையே சுரண்டி, துருப் புடிக்க வெச்சு, சிகரெட் சுட்ட அடையாளத்தோட ரெலிக்னு விக்குது, அடி வாங்கின கிட்டாருக்கு அடி வாங்காததை விட விலை ஜாஸ்தி. இந்த ஒரு விஷயத்தை எங்க வீட்டுல எப்படி எடுத்துச் சொல்லியும் புரிய வைக்க முடியல, பழைய இரும்புக்காரன் கூட இவ்ளோ தைரியமா பேச மாட்டான்னு சொல்லிட்டாங்க.

சிரிச்சுட்டுப் போயிடலாம்னா, மரத்துல போய் முட்டுது. பிரேசில் ரோஸ்வுட் அருகிப் போய் அந்த நாடு ஏற்றுமதியை நெருக்கினதும் அமெரிக்க அகூஸ்டிக் கிட்டார் கம்பெனி மார்ட்டின் 1969ல இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறுச்சு. அது நம்ம ஈட்டி மரம், தோதகத்தின்னும் சொல்வாங்க, கூடலூர், வயநாடு, குடகுப் பக்கம் வளர்றது. 69க்கு முந்தின மார்ட்டின் டி-28 மாடலுக்கும் பிந்தினதுக்கும் இருக்கற விலை வித்தியாசத்துல பெரிய பங்கு, பின்பக்கப் பலகை பிரேசிலா ஈட்டியாங்கறது. வெல்டிங் கண்ணாடி மாட்டினா அந்த வித்தியாசம் என்ன ஆச்சுன்னு மேலயே பாத்தோம். பிரேசில் மரம் 1992லேந்து சர்வதேச வியாபாரத்துல கிட்டத்தட்ட முழுத் தடை. 2017ல மொத்த ரோஸ்வுட் இனமும் சைட்டிஸ்ங்கற, அருகி வர்ற உயிரினங்களோட வியாபாரத்தைக் கட்டுப்படுத்தற சர்வதேச ஒப்பந்தத்துக்குள்ள வந்து, ரெண்டு மூணு வருஷம் கிட்டாரோட எல்லை தாண்டறதுக்கே ஆட்கள் பயந்தாங்க, 2019ல செஞ்சு முடிச்ச வாத்தியங்களுக்கு விலக்கு குடுத்தாங்க. தமிழ்நாட்டுல தொண்ணூறுகள்லயே பட்டா நிலத்து ஈட்டியையும் இஷ்டத்துக்கு வெட்டக் கூடாதுன்னு தனிச் சட்டம் போட்டாங்க. 2011ல அமெரிக்க அதிகாரிங்க கிப்ஸன் ஃபேக்டரில ரெய்டு பண்ணி அள்ளினதுல இந்தியாலேந்து போன ரோஸ்வுட்டும் கருங்காலியும் இருந்துச்சு, அதுக்கு முந்தின மடகாஸ்கர் கருங்காலி கேஸையும் சேத்து 2012ல 3 லட்சம் டாலர் அபராதம் கட்டி முடிச்சாங்க.

கருங்காலி விஷயம்தான் எனக்கு ரொம்ப உறுத்தறது. ஃபிங்கர்போர்டு மை மாதிரி கறுப்பா இருக்கணும்னு வாங்கறவங்க எதிர்பாக்கறாங்க. ஆனா மரத்தை வெட்டிப் பாத்தாதான் உள்ள முழுக் கறுப்பா, பழுப்பு வரி ஓடுதான்னு தெரியும். டெய்லர் கிட்டார் கம்பெனி 2011ல கேமரூன்ல ஒரு கருங்காலி மில்லை பங்குதாரரோட வாங்கினப்போ, கம்பெனியை ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தரான பாப் டெய்லருக்குத் தெரிய வந்தது, பத்து மரத்துல ஒண்ணுதான் முழுக் கறுப்பு, வரி ஓடின மரத்துக்கு விலை இல்லைன்னு வெட்டினவங்க காட்டுலயே போட்டுட்டு வந்துடறாங்கன்னு. சத்தத்துல ஒரு வித்தியாசமும் இல்லாத ஒரு கலருக்காக. அதுக்கப்புறம் டெய்லர் தன்னோட விலை உசந்த கிட்டார்லயே வரி ஓடின கருங்காலியைப் போட்டு விக்க ஆரம்பிச்சுது.

நம்ம ஊருக்கு வந்தா இந்த பந்தா இன்னும் கொஞ்சம் முறுக்கேறிடுது, ஏன்னா இம்போர்ட் டியூட்டி, ஜிஎஸ்டி எல்லாம் சேந்து அமெரிக்கால மிடில் கிளாஸ் ஆள் வாங்கற கிட்டார் இங்க ரெண்டு லட்சம் பக்கம் நிக்குது, ஒரு பைக் விலை. அதனால அமெரிக்கால ஆன்சைட் போன மச்சான் சூட்கேஸ்ல பெடல் வாங்கிட்டு வர்றதுலேந்து அந்தஸ்து ஆரம்பிச்சிடுது. சர்ச் கொயர்லயும் காலேஜ் கல்ச்சுரல்ஸ்லயும் கீபோர்டு வாசிக்கற பசங்களுக்கு நடுவுலயும் இதே கதைதான், யமஹாவா ரோலண்டா கோர்க்கான்னு, எத்தனை கீன்னு. இதுல யாரும் கவனிக்காதது நம்ம கிளைமேட். சாலிட் மர அகூஸ்டிக் கிட்டாரை 45லேந்து 55 சதவீத ஈரப்பதத்துல வெச்சுக்கச் சொல்றாங்க செய்யறவங்க. சென்னைல முக்கால்வாசி நாள் 70ஐத் தாண்டும், அப்புறம் ராத்திரி ஏசி போட்டா சட்டுன்னு எறங்கும், காலைல மறுபடி ஏறும். மேல்பலகை உப்பும், பிரிட்ஜ் பசை விடும், கம்பி தூக்கும். ஒட்டுப்பலகைல செஞ்ச மலிவு கிட்டார் அதையெல்லாம் கண்டுக்காம சுவத்துல தொங்கும். மெரினா பக்கத்துல குடியிருக்கறவங்க ஒரு லட்ச ரூபா சாலிட் ரோஸ்வுட் வாங்கினா கேஸ், ஹைக்ரோமீட்டர், ஈரம் உறிஞ்சற பாக்கெட்டுன்னு ஒரு ஐசியூவே வைக்கணும்.

இதுக்கு நேரெதிரா ஒரு பந்தாவும் உண்டு, அதையும் சொல்லணும். "நான் எல்லாம் எட்டாயிரம் ரூபா கிட்டார்லயே எல்லாத்தையும் வாசிப்பேன், டோன் விரல்ல இருக்கு"ன்னு சொல்லிக்கற கோஷ்டி. விரல்ல நிறைய இருக்கறது நெஜம், ஆனா அதைச் சொல்ற தொனில பாருங்க, முதல் கோஷ்டி காஸ்ட்லியைக் காட்டி மட்டம் தட்டுனா இவங்க சீப்பைக் காட்டி மட்டம் தட்டறாங்க.

இப்போ சமீப வருஷங்கள்ல ஆம்ப்பையே சாஃப்ட்வேரா மாத்திட்டாங்க. கெம்பர், ஃப்ராக்டல், குவாட் கார்டெக்ஸ்னு விலை உசந்த டப்பாக்கள் வந்து, அதுக்கப்புறம் நியூரல் ஆம்ப் மாடலர்னு ஒண்ணு ஃப்ரீயாவே வந்துடுச்சு, ஓப்பன் சோர்ஸ், லேப்டாப்ல போட்டுக்கலாம். நெஜ ஆம்ப்போட சத்தத்தை கேப்சர் பண்ணி ஃபைலா ஷேர் பண்றாங்க. டம்பிள் ஆம்ப்னு ஒண்ணு, அலெக்சாண்டர் டம்பிள்னு ஒருத்தர் வாழ்நாள்ல சுமார் 300தான் செஞ்சாரு, அவரும் 2022ல காலமாயிட்டாரு, ஒரு லட்சம் டாலருக்கு மேல போற சாதனம். அதோட கேப்சரை இன்னைக்கு பல்லாவரத்துல ஒரு காலேஜ் பையன் காசில்லாம டவுன்லோட் பண்ணிடறான். அதோட இது அடங்கும்னு சில பேர் எதிர்பாத்தாங்க. ஆனா இப்போ எந்த டம்பிளோட கேப்சர், எந்த வருஷத்து ஸ்பீக்கர், எந்த மைக், அந்த மைக் எந்த பிரீஆம்ப்ல சொருகினதுன்னு ஆரம்பிச்சிருக்காங்க, அந்த ஃப்ரீ ஃபைலை ஓட்டறதுக்கு நீ எந்த ஆடியோ இன்டர்ஃபேஸ் வெச்சிருக்கேங்கறது அடுத்த கேள்வி. பேட் மங்கியோட கேப்சரும் ஃப்ரீயா கெடைக்குதாம், அதை டவுன்லோட் பண்றவங்களைத்தான் காணோம்.